எங்கள் வீட்டுக்காரர் சொன்ன இரண்டு காரணங்கள்

எங்கள் வீட்டுக்காரரைப் பற்றி யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறார்" என்று சொல்லி முடித்துவிடுவேன். அதற்கு மேல் வாயைத் திறந்தால் பேச்சு குறையில்தான் போய் நிற்கும். மனிதர் கெட்டவர் இல்லை, களைத்துப் போனவர். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் நான் பல நாள் சண்டை போட்டிருக்கிறேன்.

பெயர் நல்லக்கண்ணு. சுரண்டைப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பம். அண்ணன்மார் வயலோடு நின்றுகொண்டார்கள். இவர் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு டி.வி. பெட்டிகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் இன்டர்நெட் சென்டர் முளைத்த சமயத்தில் கம்ப்யூட்டருக்கு மாறினார். தென்காசியில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை. முன்பக்கம் நான் உட்கார்ந்து டைப் அடிப்பேன், ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பேன். பின்பக்கம் ஒரு தடுப்புக்கு அந்தப்புறம் இவர், தலைக்கு மேல் ஒரு டியூப் லைட், மேசை நிறைய மதர்போர்டுகள்.

"எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது, இனிமேல் கம்ப்யூட்டரை யார் தேடப்போகிறார்கள்" என்று விவரம் தெரியாதவர்கள் கேட்பார்கள். வந்து ஒரு வாரம் எங்கள் கடையில் உட்கார்ந்து பார்க்கட்டும். துணிக்கடை, மருந்துக்கடை, இ-சேவை மையம், ஸ்டூடியோ, பள்ளிக்கூடம், லாட்ஜ் என்று எங்கே போனாலும் மேசைக்கடியில் ஒரு பெட்டி இருக்கிறது. குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால் அத்தனை பெட்டிக்கும் ஒரே நேரத்தில் சீக்கு வரும். வெளியூர் ஜனம் அருவிக்கு வரிசையில் நிற்கும், எங்கள் கடையில் பெட்டிகள் வரிசையில் நிற்கும். பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு போன சீசனில் நாங்கள் ஒரு நாள்கூட அருவியில் தலையைக் காட்டவில்லை. இவருக்குக் குனிந்து குனிந்தே கழுத்து பிடித்துக்கொண்டது, பிறகு வலி தோளுக்கு இறங்கியது. இப்போது வண்டி ஓட்டவே கை ஒத்துழைப்பதில்லை. வெளி வேலை என்றால் என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வருகிறார்.

கல்யாணமான புதிதில் மதர்போர்டைப் பார்த்தாலே எனக்குக் கண்ணைக் கட்டும். பச்சைத் தகடு, அதன் மேல் பொடிப்பொடியாக எத்தனையோ சாமான். "தகட்டப் பாக்காத. வயரைப் பாரு. எங்கருந்து வருது, எங்க போவுதுன்னு மட்டும் பாரு" என்றார் இவர். அப்படிப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. அகலமாக ஒரு கொத்து வயர் வந்து சொருகியிருக்கிறதே, அது மொத்தப் போர்டுக்கும் கரண்ட் கொண்டுவருவது. பிராசஸர் பக்கத்தில் சதுரமாக, சின்னதாக இன்னொன்று இருக்கும், அது பிராசஸருக்கு மட்டும். அதைச் சொருக மறந்துவிட்டால் பெட்டிக்குள் ஃபேன் ஜோராகச் சுற்றும், திரை இருட்டாகவே கிடக்கும். ரேம் என்ற நீளத் துண்டை அழுத்தினால் இரண்டு பக்கத்திலும் காது மாதிரி நிற்கிற பிடிகள் டக்கென்று மூடிக்கொள்ள வேண்டும். தட்டையாக ஒரு வயர் ஹார்ட் டிஸ்குக்குப் போகும். இவற்றையெல்லாம் தப்பாகச் சொருக முடியாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளமோ கொக்கியோ வைத்திருக்கிறான். போர்டின் கடைசி மூலையில் மட்டும் குண்டூசி குண்டூசியாக நிற்கும். முன்பக்க ஸ்விட்சிலிருந்தும் சின்ன விளக்குகளிலிருந்தும் வருகிற நூல் போன்ற வயர்களை அங்கேதான் மாட்ட வேண்டும். அந்த இடத்தில் பள்ளமும் கிடையாது, கொக்கியும் கிடையாது. போர்டைச் செய்தவனும் அந்த மூலைக்கு வரும்போது இவரைப் போலக் களைத்துத்தான் போயிருப்பான்.

செத்துப்போன பெட்டி ஒன்று வந்தால் இவர் எல்லாவற்றையும் பிடுங்கி வெளியே போட்டுவிடுவார். போர்டு, பிராசஸர், கரண்ட் வயர் இவ்வளவுதான் மிச்சம் இருக்கும். மூலையில் உள்ள ஊசிகளில் பட்டாணி அளவு ஸ்பீக்கர் ஒன்றைச் செருகி, ஸ்விட்சுக்கு உள்ள இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு தொடு தொடுவார். ரேம் இல்லாத போர்டு உயிரோடு இருந்தால் நீளமாகக் கத்தும். கத்தினால் பயமில்லை. அதன் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ப்பார். "ஒரே நேரத்துல ரெண்டைச் சேத்தா, கெட்டது எதுன்னு கடைசி வரைக்கும் தெரியாதுட்டி" என்பார்.

பெட்டிக்குள்ளே இவ்வளவு கறாரான மனிதர், பெட்டியை மூடியதும் ஆளே வேறு. இது யாரால் கெட்டது என்று மட்டும் வாய் திறக்கவே மாட்டார். குழந்தை சில்லறைக் காசை உள்ளே போட்டிருக்கும், எலி மூத்திரம் பெய்திருக்கும், பெட்டிக்குச் சொந்தக்காரரே யூ.பி.எஸ்.ஸில் அயர்ன் பாக்ஸைச் சொருகியிருப்பார். எல்லாம் இவருக்குத் தெரியும். ஆனால் வெளியே வந்து ஈரம் என்பார், கரண்ட் ஏற்ற இறக்கம் என்பார், இரண்டும் பொருந்தாவிட்டால் வயசாயிட்டு என்பார். இவருக்கு வாழைப்பழத்தில் ஊசி ஏற்றத் தெரியாது, வெறும் வாழைப்பழத்தையே கொடுத்தனுப்புவார்.

முதலில் இப்படி இல்லை. சுரண்டையில் அண்ணனும் தம்பியுமாக நடத்திய ஸ்டூடியோ ஒன்றில், ரேமைத் திருப்பி வைத்து அழுத்தி உடைத்தது தம்பிதான் என்று உள்ளதைச் சொல்லிவிட்டு வந்தார். ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த வீடு. அந்த மாதமே கடை இரண்டானது. அவர்களுடைய அம்மா எங்கள் கடை வாசலில் வந்து நின்று, "ஒன் வாயால எம் புள்ளைங்களப் பிரிச்சிட்டியேய்யா" என்று அழுதுவிட்டுப் போனார். அன்றிலிருந்து இவருக்கு இந்த மூன்று காரணம்தான்.

"பாம்பும் சாகக் கூடாது, கம்பும் முறியக் கூடாது, அப்படித்தான?" என்று நான் பரிகாசம் செய்வேன்.

"பெட்டி ஓடினாப் போதும்ட்டி. அவங்க வழக்க நான் எதுக்குத் தீக்கணும்?" என்பார்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் காலையிலேயே போன் வந்தது. குற்றாலத்தில் ஐந்தருவி போகிற ரோட்டில் புரோட்டாக் கடை வைத்திருக்கிற ஆவுடையப்பன் அண்ணாச்சி. பில் போடுகிற கம்ப்யூட்டர் நின்றுவிட்டது, கூட்டம் நெருக்குகிறது, உடனே வா என்று கத்தல். அன்றைக்காவது வீட்டில் படுத்துக்கொள்ளலாம் என்று தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார் இவர். தேய்த்த கையோடு கிளம்பினார். நான் ஸ்கூட்டரை எடுத்தேன். சாரல் முகத்தில் அடித்தது. வழி நெடுக வெளியூர் வேன்கள். பின்னால் உட்கார்ந்து வந்தவர் என் முதுகில் சாய்ந்து ஒரு தூக்கம் போட்டுவிட்டார்.

கடையில் உட்கார இடமில்லை. தலையில் ஈரத் துண்டும் மேலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்குமாக ஜனம் இலைக்கு நின்றது. கல்லாவில் அண்ணாச்சி துண்டுக் காகிதத்தில் பில் எழுதிக்கொண்டு, எழுதும் ஒவ்வொரு பில்லுக்கும் ஒருவரைத் திட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஜெயபிரியா நின்றாள். அழுது முடித்த முகம்.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். மேலகரத்துப் பிள்ளை. பி.காம். முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் டைப் அடிக்க எங்கள் கடைக்குத்தான் வந்தாள். இந்த பில் வேலை கிடைத்த அன்று அல்வா கொண்டுவந்து கொடுத்தாள். அவள் அப்பாவுக்குப் பெண் பிள்ளை ஹோட்டலில் உட்காருவதில் இஷ்டமே இல்லை. கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கியிருந்தாள். "ஒரு வருசம் போய்ப் பாரு. ஏதாவது பேரு கெட்டுச்சுன்னா அன்னைக்கோட வீட்ல இருந்துக்கிடணும்னு அப்பா சொல்லிட்டாரு அக்கா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"வாரும்வே. இந்தப் புள்ள டீயக் கொட்டிக் கம்ப்யூட்டரக் கெடுத்துப் போட்டா. என்னன்னு பாரும்" என்றார் அண்ணாச்சி.

"நான் கொட்டல மொதலாளி. கிளாஸ் மேசையிலதான் இருந்துச்சி. பாதி டீ அப்படியே இருந்துச்சில்லா" என்றாள் ஜெயபிரியா.

"மீதி எங்க போச்சி?"

"குடிச்சேன்."

பக்கத்தில் இலைக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் முகம் இன்னும் சிறுத்துப்போயிற்று.

இவர் பெட்டியைத் தூக்கி உள் அறையில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே இருந்த மேசையில் வைத்தார். நான் டார்ச் பிடித்தேன். ஜெயபிரியா வாசலில் நின்றாள். ஸ்விட்சை அழுத்தினால் ஃபேன் ஒரு சுற்று சுற்றும், நிற்கும், மறுபடி ஒரு சுற்று, நிற்கும். பக்கத்து மூடியைக் கழற்றினார். வழக்கம்போல எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரை மாட்டி ஊசிகளைத் தொட்டார். சத்தமே இல்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டு போர்டையே கழற்றி வெளியே எடுத்தார்.

டீ கொட்டிய போர்டை நானே பார்த்திருக்கிறேன். பழுப்பாக, பிசுபிசுவென்று இருக்கும். சர்க்கரைக்கு எறும்பு வந்திருக்கும். இதில் ஒரு எறும்பு இல்லை. அகல வயர் சொருகுகிற இடத்துக்கும் முதல் ரேம் இடத்துக்கும் நடுவே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அந்தப் பூப்புக்குள் சிவப்பாக ஒரு தீற்றல். இவர் குறட்டால் எதையோ கிள்ளி எடுத்து என் கையில் வைத்தார். எலுமிச்சை விதை.

பெட்டியின் மேல் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். காற்றுப் போவதற்கு வைத்திருக்கிற ஓட்டைகளைச் சுற்றி வட்டமாக ஒரு கறை, ஓரமெல்லாம் குங்குமம்.

"இங்கன என்ன வைப்பீங்க?" என்று ஜெயபிரியாவிடம் கேட்டேன்.

"மொதலாளி வெள்ளிக்கிழமை பழம் வைப்பாரு அக்கா. கல்லாப்பெட்டி இப்ப இதுக்குள்ளதான இருக்குன்னு, வாசல்ல வைக்கிற மாதிரி இதும் மேலயும் அரைப் பழம் வைப்பாரு. அடுத்த வெள்ளி வரைக்கும் யாரும் தொடக் கூடாது. இன்னைக்குச் சண்டையிலதான் பழத்தத் தூக்கி எறிஞ்சாங்க." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். என் கையிலிருந்த விதையைப் பார்த்தாள்.

எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவி வைக்காத கடை எங்கள் பக்கத்தில் கிடையாது. எங்கள் கடையிலும் வாசலின் இரண்டு ஓரத்திலும் உண்டு. திருஷ்டி கழிக்க வைத்த பழம், வாரம் முழுக்க அழுகி, சொட்டுச் சொட்டாகப் போர்டுக்குள் இறங்கியிருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை இல்லை, எத்தனையோ வெள்ளிக்கிழமை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான்.

ஜெயபிரியா இவருக்குப் பக்கத்தில் வந்தாள். "அண்ணாச்சி, நான் சொன்னா எடுபடாது. நீங்க சொல்லுங்க. டீ இல்லன்னு நீங்க சொன்னா அவரு கேப்பாரு" என்றாள் மெதுவாக.

"ம்" என்றார் இவர்.

நானும் அந்த 'ம்'மை நம்பினேன்.

பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷில் தின்னர் தொட்டு அந்தப் பூப்பைத் தேய்த்தார். தேய்த்துத் துடைத்து, மறுபடி தேய்த்தார். தோள் வலிக்கும்போதெல்லாம் கையை மாற்றிக்கொண்டார். என்னிடம் ஹேர் டிரையரைக் கொடுத்துக் காயவைக்கச் சொல்லிவிட்டு, ரேமின் பித்தளை நிறப் பல் வரிசையை ரப்பரால் அழித்து அழித்துப் பளிச்சென்று ஆக்கினார். வெளியே அண்ணாச்சியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. போர்டு காய்ந்ததும் வெறும் கரண்ட் வயர்களை மட்டும் மாட்டி ஊசிகளைத் தொட்டார். போர்டு நீளமாகக் கத்தியது. ஜெயபிரியா கையைக் கூப்பிவிட்டாள். ரேமைச் செருகினார், ஒரு சின்னச் சத்தம், திரையில் எழுத்து வந்தது. ஹார்ட் டிஸ்கைச் சேர்த்தார், அவர்களுடைய பில் பக்கம் வந்தது. கடைசியாக அந்த நூல் வயர்களை ஒவ்வொன்றாக மூலையில் மாட்டி மூடியைப் போட்டார். பெட்டியைத் தூக்கிப் போய்க் கல்லா மேசைக்கடியில் வைத்தபோது அண்ணாச்சியின் முகத்தில் கிழக்கு வெளுத்தது.

"என்னவே செஞ்சீரு? டீதான?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் இவர் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்து உள்ளதைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பெட்டி ஓடுகிறது, அண்ணாச்சி சந்தோஷமாக இருக்கிறார், விதை என் கையில் இருக்கிறது. இவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சாரல் ஈரம் அண்ணாச்சி. போர்டுல ஈரம் எறங்கிட்டு. யாரும் ஒன்னும் செய்யல."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஜெயபிரியா இவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். டீ என்ற பேச்சு போய்விட்டதல்லவா, அது போதும் என்று அர்த்தம். இவரைப் பொறுத்தவரை அண்ணாச்சிக்கும் மனக்கசப்பு இல்லை, பிள்ளைக்கும் பழி இல்லை, பழத்துக்கும் கெட்ட பேர் இல்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

"ஈரமா?" என்று யோசித்தார் அண்ணாச்சி. "அதான் காய வச்சதும் ஓடுது, என்ன? சரிதான். கூரை ஒழுகல. பின்ன ஈரம் எப்படிவே உள்ள வரும்?" தலையைத் திருப்பிப் பார்த்தார். கல்லா மேசையை ஒட்டி ஒரு ஜன்னல் திறந்திருந்தது. "அந்த ஜன்னலத் தெறந்து போட்டது யாரு?"

புரோட்டாக் கல் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த அனலில் ஜன்னலைத் திறக்காமல் நாள் முழுக்க யார் உட்கார முடியும்? ஜெயபிரியாதான் தினமும் திறப்பாள், எல்லாருக்கும் தெரியும்.

"நான்தான் மொதலாளி. சூடு தாங்க முடியாம..."

"சீசன்ல ஜன்னலத் தெறக்காதன்னு நான் சொல்லல? சாரல் பூரா உள்ள அடிச்சி, நல்ல ஞாயித்துக்கிழமை ஏவாரத்தக் கெடுத்துப் போட்டா. டீ இல்லன்னா ஜன்னலு. எப்படிப் பாத்தாலும் நீதான். நாளையிலருந்து வரவேண்டாம். ஒங்க அப்பாட்ட நான் பேசிக்கிடுதேன்."

அவள் இவரைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நான் முழங்கையால் விட்ட இடியில் இவருக்கு விலா நொந்திருக்கும்.

இவர் கல்லாப் பக்கம் நகர்ந்தார். "அண்ணாச்சி, அது சாரல் இல்ல. எலுமிச்சம்பழம். மேல வச்ச பழத்துல இருந்து சாறு எறங்கியிருக்கு. அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல."

கல்லா முன்னால் நின்ற ஜனம் காதைத் தீட்டிக்கொண்டது. அண்ணாச்சி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"என்னவே இது? இப்பதான சாரல்ன்னீரு? நான் இவள அனுப்புதேன்னதும் எலுமிச்சம்பழம்ங்கீரு. இன்னும் கொஞ்ச நேரம் நின்னா விபூதிம்பீரா?"

நான் விதையை நீட்டினேன். "உள்ள கெடந்தது அண்ணாச்சி. மேல் மூடியில குங்குமக் கறையும் இருக்கு, பாருங்க."

"எம்மா, இது புரோட்டாக் கடை. வெங்காயத்துக்குப் பழம் பிழிஞ்சி பிழிஞ்சி கடை பூரா விதைதான் கெடக்கு. குங்குமம் எங்கதான் இல்ல?" என்னிடம் கொஞ்சம் தணிந்து பேசியவர் இவரிடம் திரும்பியதும் குரலை உயர்த்தினார். "பாவம்னு பாக்குதீரு, புரியுது. அதுக்காகச் சாமி காரியத்துல கை வைக்காதீரும்வே. மொதல்ல சொன்னதுதான் நெசம். காய வச்சீரு, ஓடிச்சி. நான் குருடனா?"

"நான் மொதல்ல சொன்னது..." என்று ஆரம்பித்தார் இவர். முதலில் சொன்னது பொய் என்று எப்படிச் சொல்வார்? சொன்னாலும் பொய் சொன்னவன் பேச்சை யார் எடுத்துக்கொள்வார்கள்? இத்தனை வருஷமாக அண்ணாச்சிக்கு இவர் சொன்னது வேதவாக்கு. அன்றைக்கும் வேதவாக்கைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். என்ன, முதல் வாக்கைப் பிடித்துக்கொண்டார்.

ஜெயபிரியா சோற்றுப் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. இவர் பக்கத்தில் வந்ததும் நின்றாள். கோபமாக ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

"எடுத்த ஒடனே சொல்லிருந்தா நம்பிருப்பாருல்லா அண்ணாச்சி" என்றாள். அவ்வளவுதான்.

இவர் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் வைப்பது போல் குனிந்துகொண்டார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்.

வெளியே வந்தபோது அவள் பஸ் நிறுத்தத்துக்குச் சாரலில் நடந்துகொண்டிருந்தாள், குடையை விரிக்காமல். "நீ அந்தப் புள்ளையக் கொண்டு வீட்ல விடு. அவ அப்பாட்ட உள்ளதச் சொல்லு. ஆவுடையப்பன் அண்ணாச்சி போன் பண்ணி ஏதாவது சொல்லுததுக்கு முன்ன நீ போயிரணும். நான் பஸ்சுல வாரேன்" என்றார். தோளில் அந்தக் கனத்த பையோடு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பஸ்ஸில் ஏற முடியுமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் நான் ஏசுகிற ஏச்சில் ஊரே கூடும். அன்றைக்கு எனக்கும் தெம்பில்லை.

ஸ்கூட்டரை ஜெயபிரியா பக்கத்தில் நிறுத்தி ஏற்றிக்கொண்டேன். மேலகரத்தில் அவர்கள் வீட்டு முன்னால் ஒரு மினி லாரி நின்றது. அவள் அப்பா சுடலைமணி அதற்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். மகள் அந்த நேரத்தில் வந்து இறங்கியதும் கயிற்றை விட்டுவிட்டு வந்தார்.

"என்னம்மா ஆச்சி?" என்று என்னைத்தான் கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்யூட்டர் நின்றது, டீ என்றது, பழம், விதை, குங்குமக் கறை. "ஒங்க மக மேல ஒரு குத்தமும் இல்ல அண்ணாச்சி. நானே என் கண்ணால பாத்தேன். எங்க வீட்டுக்காரரு மொதலாளிட்டயே சொன்னாரு, பழத்தாலதான் கெட்டுச்சின்னு" என்றேன்.

அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். கோபக்காரர் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை.

"மெக்கானிக்கே சொல்லுதாருன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். பிறகு கேட்டார், "பின்ன மொதலாளி ஏன் நம்பல?"

என் வாய்க்கு நான் என்றும் பூட்டுப் போட்டதில்லை. அன்றைக்குச் செருப்புச் சேற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு நின்றேன். ஜெயபிரியா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அந்தப் பிள்ளை நினைத்தது எனக்குப் புரிந்தது, அது இன்னும் கேவலமாக இருந்தது.

"எங்க வீட்டுக்காரரு மொதல்ல வேற காரணம் சொல்லிட்டாரு. சண்டை வேண்டாமேன்னு. அப்புறந்தான் உள்ளதச் சொன்னாரு" என்றேன்.

சுடலைமணி தலையை ஆட்டினார். "அப்பம் அங்கன நின்ன ஆளுகளுக்கு, எம் மக அழுததப் பாத்து மெக்கானிக்கு மாத்திப் பேசுனாருன்னுதான தெரியும்?"

ஆமாம் என்றேன்.

"நீங்க சொல்லுதத நான் நம்புதேம்மா. ஊருக்குப் போய் யாரு ஒவ்வொருத்தர்ட்டயும் சொல்ல? நாளைக்கு இன்னொரு கடையில கேட்டா, அங்கன என்ன சொல்லுவாங்க?" மகளிடம் திரும்பினார். சத்தம் போடவில்லை. "உள்ள போம்மா. போயித் தலையத் தொவட்டு."

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் மறுபடி லாரிப் பக்கம் போய்க் கயிற்றை எடுத்துக்கொண்டார். இனி எந்த வேலைக்கும் அவர் அவளை அனுப்பப்போவதில்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது இவர் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். சட்டைகூட மாற்றாமல் கதவைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். தோளைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழி முழுக்கக் கேட்க வேண்டும் என்று நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள், அந்த முகத்தைப் பார்த்ததும் எங்கே போயினவோ.

"சொல்லிட்டியா? அவரு நம்பினாரா?" என்று கேட்டார்.

"நம்பினாரு" என்றேன்.

"நல்லவேளை" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

சுடலைமணி நம்பியது நிஜம். நம்பிய பிறகும் மகளை உள்ளே அனுப்பினார் என்பதை நான் சொல்லவில்லை. தைலக் குப்பியை எடுத்துவந்து இவர் தோளைத் தேய்க்க ஆரம்பித்தேன்.